விமானப் படிப்பு: முன்பணம் கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடித்த பிள்ளை ‘ஏவியேஷன்’ படிக்க வேண்டும் என்கிறதா? தென்காசி மாவட்டம் ராயகிரியிலிருந்து மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் விமான நிலையங்கள் மூன்றும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டரோ அதற்கு மேலோ. படிப்புக்கும் வேலைக்கும் வெளியூர் வாசம்தான். பத்திரத்தை வங்கிக்கு எடுத்துப் போகும் முன், இந்த வரிசையில் கணக்குப் போடுங்கள்.

1. எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

பைலட்டிடம் டிஜிசிஏ, அதாவது மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், கேட்பது பட்டமல்ல, உரிமம். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், 18 வயது, 200 மணி நேரம் பறந்த அனுபவம், எழுத்துத் தேர்வுகளில் தேர்ச்சி, முதல் வகுப்பு மருத்துவச் சான்று ஆகியவை அதற்கு வேண்டும். விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கும் டிஜிசிஏ உரிமம் தனியே உண்டு. பயிற்சி முடித்த சான்றிதழ் மட்டும் போதாது. பிபிஏ ஏவியேஷன் ஒரு நிர்வாகப் படிப்பு. அது இந்த இரண்டு உரிமங்களில் எதையும் தராது. பெரும்பாலும் விமான நிலையத் தரைப்பணிக்கே கொண்டுபோய்விடும்.

2. பைலட் ஆசையென்றால் உடம்பை முதலில் பாருங்கள்

முதலில் இரண்டாம் வகுப்பு, பிறகு முதல் வகுப்பு மருத்துவப் பரிசோதனை. நிறக்குருடு போன்ற குறை தெரியவந்தால் சில ஆயிரத்தோடு போகும். பயிற்சிக் கட்டணம் கட்டியபின் தெரியவந்தால் லட்சங்கள் போகும்.

3. செலவை வேலை கிடைக்கும் நாள் வரை எழுதுங்கள்

கட்டணம், விடுதி, சாப்பாடு, போக்குவரத்து, தேர்வுக் கட்டணம், வேலை தேடும் மாதங்களின் செலவு எல்லாம் சேர வேண்டும். பைலட் உரிமத்துக்குச் சுமார் 50 லட்சம் ஆகும். அதன்பின் ஏர்பஸ் ஏ320 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டும் ‘டைப் ரேட்டிங்’ பயிற்சிக்கு இன்னும் பல லட்சம் வேண்டும்.

4. கடனை மாதத் தவணையாக மாற்றுங்கள்

11 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 1,378 ரூபாய். 50 லட்சத்துக்கு 68,900. படிக்கும் காலத்து வட்டியைக் கட்டாவிட்டால் அதுவும் அசலில் சேர்ந்து தவணையைக் கூட்டும். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி வீடு போன்ற சொத்தை ஈடு கேட்கும்.

5. முதல் சம்பளத்தில் மிச்சம் எவ்வளவு?

ஒரு மாதிரிக் கணக்கு: மூன்று ஆண்டு பிபிஏ, கட்டணம் 4.5 லட்சம், விடுதி 3 லட்சம். அதில் 6 லட்சம் கடன். தரைப்பணியில் முதல் சம்பளம் 20,000 என்று வையுங்கள். வாடகை, சாப்பாடு 12,000 போக மிச்சம் 8,000. தவணையோ 8,268. வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்ப முடியாது.

6. மலிவான வழியோடு ஒப்பிடுங்கள்

விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பணிக்கு, அதாவது ஏடிசிக்கு, இந்திய விமான நிலைய ஆணையம் ஆளெடுக்கிறது. இயற்பியல், கணிதம் படித்த பி.எஸ்சி.யோ பி.இ.யோ போதும். பொதுப்பிரிவுக்கு வயது வரம்பு 27. அடிப்படைச் சம்பளம் 40,000-இல் தொடங்குகிறது, படிகள் தனி. ராயகிரியிலிருந்து பஸ்ஸில் ராஜபாளையம் போய்வந்தே பி.எஸ்சி. முடித்துவிடலாம். போட்டி கடுமைதான். ஆனால் தேறாவிட்டாலும் கழுத்தில் கடன் இருக்காது. அதே பட்டத்தோடு டிஎன்பிஎஸ்சி எழுதலாம், பி.எட். போகலாம்.

அரசுப் பள்ளி மாணவருக்கு இன்னொரு வாசலும் உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அங்கே படித்தவர், 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெற்றால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் படித்த குரோம்பேட்டை எம்.ஐ.டி.யும் பொறியியல் கலந்தாய்வில் வருகிறது.

7. கெட்ட காலத்தையும் சேருங்கள்

கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012-இல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019-இல். கோ ஃபர்ஸ்ட் 2023-இல். கொரோனா வந்த 2020-இல் துறையே முடங்கியது. ஓராண்டு சம்பளம் வராவிட்டாலும் தவணை கட்ட முடியுமா என்று பாருங்கள்.

8. கல்லூரியில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

உங்களுக்கு டிஜிசிஏ அனுமதி உண்டா, எந்தப் பிரிவுக்கு? கடந்த மூன்று ஆண்டுகளில் படித்தவர்களில் எத்தனை பேர் உரிமம் பெற்றார்கள்? வேலைக்குப் போனவர்களின் முதல் சம்பளம் என்ன? அனுமதியை டிஜிசிஏ இணையதளத்திலும் சரிபாருங்கள். ‘நூறு சதவீத வேலை’ என்பதை எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் முன்பணம் கட்டாதீர்கள்.

மருத்துவச் சான்று கையில் இருந்து, தவணை முதல் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாவிட்டால் துணிந்து சேருங்கள். தாண்டினால் பி.எஸ்சி. இயற்பியலில் சேர்ந்து ஏடிசி தேர்வுக்குத் தயாராவதே ராயகிரிப் பிள்ளைக்கு நல்லது.