கச்சேரிக் கருவிக்கும் காப்பீடு தேவை

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பகுதி வணிகர்களாகிய நம்மில் சிலர், கடை அடைத்த பின் கோயில் திருவிழாக்களில் தவில், கீபோர்டு வாசிக்கிறோம். கருவி கடைக் கிடங்கில்தான் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தை நாம் பார்த்தோம்.

கடைப் பாலிசி, அதில் எழுதிய பொருளுக்கும் எழுதிய இடத்துக்கும் மட்டுமே. வெளியே கொண்டு போகும் கருவிக்கு 'ஆல் ரிஸ்க்' பாலிசி தனியாக எடுக்க வேண்டும். பணம் வாங்கி வாசிப்பதை விண்ணப்பத்தில் மறைக்கக் கூடாது. மறைத்தால் நஷ்டஈடு மறுக்கப்படலாம்.

பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைக் குறைப்பதும் தவறு. 80,000 ரூபாய்க் கருவியை 40,000 என்று எழுதினால், ஆவரேஜ் விதிப்படி 20,000 ரூபாய்ச் சேதத்துக்கு 10,000 தான் கிடைக்கும். பில், வரிசை எண், போட்டோ ஆகியவற்றின் நகலைக் கடையில் வைக்காமல் வேறிடத்தில் வைப்போம்.