ஷூஷ் வரை போகலாமா?

கேள்வி: ஈரானில் பெர்சிபொலிஸைப் பார்த்தவர்கள், சூசா இடிபாடுகளுக்காக ஷூஷ் என்ற சிற்றூர் வரை போவது வீண் என்கிறார்களே?

பதில்: வானளாவிய தூண்களை எதிர்பார்த்துப் போனால் வீண்தான். பாரசீக மன்னர் முதலாம் டேரியஸின் அரண்மனையில் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் தூண்களின் அடிப்பீடங்களும் மண்மேடுகளும். வண்ணச் செங்கல்லில் அமைத்த வில்வீரர் வரிசையும், 1901-02-ல் இங்கே கிடைத்த பாபிலோன் மன்னர் ஹமுராபியின் சட்டக் கல்லும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தோண்ட வந்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் பாதுகாப்புக்கென்று மேட்டின்மேல் ஒரு கோட்டையே கட்டிக்கொண்டார்கள், அதுவும் இடிபாடுகளின் பழைய செங்கற்களைச் சேர்த்து! ஊரில் முதலில் கண்ணில் படுவது அந்தக் கோட்டைதான். என்ன சொல்ல!

ஆனால் மேட்டுக்குக் கீழே தானியேல் தீர்க்கதரிசியின் சமாதி இருக்கிறது. கூம்பு வடிவ வெள்ளைக் கோபுரம். இங்கே யாத்ரிகர் கூட்டம் உண்டு, சுற்றிலும் கடைத்தெரு உண்டு. பெர்சிபொலிஸில் இந்த உயிர்ப்பு கிடையாது.

முக்கியமாக, ஷூஷில் தங்கினால் சோகா சன்பிலைப் பார்க்கலாம். கி.மு. 13-ஆம் நூற்றாண்டில் இப்பகுதியின் பண்டைய மக்களான எலாமியர் எழுப்பிய படிக்கட்டுக் கோயில் அது. செங்கல் வரிசைகளில் ஆப்பெழுத்து இன்னும் தெரிகிறது. 1979-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது. அதற்காகவே போகலாம்.

கோடையில் வேண்டாம், ஷூஷ் இருக்கும் குசெஸ்தான் மாகாணத்தின் வெயில் தாங்காது. நவம்பர் முதல் மார்ச் வரை சரி. பயணச்சீட்டு எடுக்குமுன் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.