புரோஸ்டேட் புற்று எலும்புக்கு ஏன் போகிறது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 68. இடுப்பு வலி என்று மருத்துவமனைக்குப் போன இடத்தில், புரோஸ்டேட் புற்றுநோய் என்றும் அது முதுகெலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் பரவிவிட்டது என்றும் சொன்னார்கள். ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து மூன்று மாதத்தில் பி.எஸ்.ஏ. அளவு 140-லிருந்து 3-க்கு இறங்கியிருக்கிறது. 'நோய் பரவுவதில் சில புரதங்களுக்குப் பங்கு உண்டு' என்று டாக்டர் சொன்னதைக் கேட்ட சித்தப்பா, முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். அப்பா இப்போது கஞ்சியும் ரசஞ்சாதமும் மட்டுமே சாப்பிட்டு இளைத்துக்கொண்டே வருகிறார். சித்தப்பா சொல்வது சரியா? அந்தப் புரதங்கள் எவை? பி.எஸ்.ஏ. இறங்கியதால் நோய் பரவுவது நின்றுவிட்டது என்று நம்பலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முட்டையையும் பருப்பையும் இன்றைக்கே திரும்பக் கொடுங்கள். நாம் சாப்பிடும் புரதம் குடலில் செரித்து அமினோ அமிலங்களாகப் பிரிந்த பிறகுதான் ரத்தத்தில் சேர்கிறது. டாக்டர் சொன்னது, ஒவ்வொரு செல்லும் தன் மரபணுவின்படி தானே தயாரித்துக்கொள்ளும் புரதங்களை. முட்டையை நிறுத்தினால் அவை குறையப் போவதில்லை. ஆனால் அப்பாவின் உடம்பு குறையும். ஹார்மோன் ஊசி டெஸ்டோஸ்டிரோனை அடக்குவதால் தசை கரைகிறது, எலும்பு மெலிகிறது. இந்த நேரத்தில் கஞ்சியும் ரசமும் போதவே போதாது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சித்தப்பாவின் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்த ஆலோசனையை அவர் கைவிட வேண்டும்.

இந்த நோயை நடத்துகிற புரதங்களில் முதலிடம் ஆண்ட்ரஜன் ஏற்பிக்கு. புரோஸ்டேட் செல்லுக்குள் இருக்கும் இது, டெஸ்டோஸ்டிரோன் வந்து ஒட்டியதும் உட்கருவுக்குள் நுழைந்து, செல் வளரத் தேவையான மரபணுக்களை இயக்குகிறது. இப்படி ஒரு ஏற்பி இருப்பதே தெரியாத 1941-ல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹக்கின்ஸ், நோய் பரவிய ஆண்களுக்கு விரைகளை அகற்றிப் பார்த்தார். அவர்கள் ரத்தத்தில் கூடியிருந்த ஆசிட் பாஸ்ஃபடேஸ் என்ற நொதி இறங்கியது. எலும்பு வலி தணிந்தது. இந்தப் பணிக்காக 1966-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் அப்பாவுக்குப் போடும் ஊசி அதே வேலையைக் கத்தி இல்லாமல் செய்கிறது. ஊசிச் செலவு தாங்காத குடும்பங்களுக்கு விரை நீக்க அறுவை சிகிச்சை இன்றும் நல்ல மாற்றுதான். சொல்லத் தயங்கும் டாக்டர்களும் உண்டு, கேட்கக் கூச்சப்படும் குடும்பங்களும் உண்டு. அந்தத் தயக்கம் சில வீடுகளைக் கடனில் தள்ளிவிடுகிறது.

பி.எஸ்.ஏ.யும் ஒரு புரதம்தான். உறைந்த விந்துவை நீர்த்துப்போகச் செய்வது அதன் இயல்பான வேலை. ஆண்ட்ரஜன் ஏற்பி சுறுசுறுப்பாக இருக்கும்போது இது அதிகம் தயாராகி ரத்தத்தில் கசிகிறது. எனவே 140 என்பது 3 ஆனதற்கு, ஏற்பி பெருமளவு அடங்கிவிட்டது என்று பொருள். நல்ல செய்திதான், சந்தேகமில்லை. ஆனால் ஏற்பி அடங்குவதும் புற்றுச் செல்கள் முழுவதும் அழிவதும் ஒன்றல்ல.

ஒரு புற்றுச் செல் புரோஸ்டேட்டிலிருந்து கிளம்ப வேண்டுமானால், முதலில் பக்கத்துச் செல்லிடமிருந்து பிரிய வேண்டும். செல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது இ-கேடரின் என்ற புரதம். பரவுகிற புற்றுகளில் இது பெரும்பாலும் குறைந்துபோயிருக்கும். அடுத்து, சுற்றியுள்ள திசுவை அரித்து வழி உண்டாக்கும் நொதிகள் வேண்டும். காயம் ஆறும்போது நம் உடம்பே பயன்படுத்தும் நொதிகள்தான் இவை. இந்த நோயில் வெளியிலிருந்து வந்த விஷப் பொருள் என்று எதுவுமே இல்லை. எல்லாம் உடம்பின் சொந்தப் புரதங்கள், நேரம் தவறியும் அளவு தவறியும் வேலை செய்கின்றன. மருந்து கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

எலும்புக்கு ஏன் போகிறது என்ற கேள்வி மருத்துவத்தில் பழையது. லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-ல், இறந்துபோன 735 மார்பகப் புற்று நோயாளிகளின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்து, புற்று கண்ட இடத்திலெல்லாம் முளைப்பதில்லை, விதைக்கு ஏற்ற மண் அமைய வேண்டும் என்றார். 1940-ல் அமெரிக்க உடற்கூறியலாளர் ஆஸ்கர் பேட்சன், இடுப்புப் பகுதி ரத்தம் முதுகெலும்பைச் சுற்றியுள்ள, வால்வு இல்லாத சிரைகள் வழியாகப் போக முடியும் என்று காட்டினார். விதை எந்த வழியில் போகிறது என்பதற்கு இது விளக்கம். மண்ணுக்கான விளக்கம் புரதங்களில் இருக்கிறது. எலும்பு மஜ்ஜை சி.எக்ஸ்.சி.எல்.12 என்ற புரதத்தைச் சுரக்கிறது. ரத்த ஸ்டெம் செல்கள் மஜ்ஜையில் தங்குவதற்கான சமிக்ஞை அது. அதை உணரும் சி.எக்ஸ்.சி.ஆர்.4 ஏற்பி பல புரோஸ்டேட் புற்றுச் செல்களின் மேலும் இருக்கிறது. ரத்த ஸ்டெம் செல்லுக்கான இடத்தைப் புற்று பிடித்துக்கொள்கிறது.

போய்த் தங்கிய பிறகு நடப்பதுதான் அப்பாவின் வலிக்குக் காரணம். எலும்பு ஓயாமல் அரிக்கப்பட்டு, ஓயாமல் கட்டப்படும் திசு. அரிக்கும் செல்களை முடுக்குவது ராங்க் லிகண்ட் என்ற புரதம். கட்டும் செல்களைத் தூண்டுவனவற்றில் எண்டோதீலின்-1 ஒன்று. புரோஸ்டேட் புற்று இரண்டையும் குலைக்கிறது. ஆனால் கட்டுவதைத்தான் அதிகம் கிளப்பிவிடுகிறது. எக்ஸ்-ரேயில் அந்த இடம் வெள்ளையாக, அடர்த்தியாகத் தெரியும். பலமான எலும்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்கில்லாமல் கட்டப்பட்டது, எளிதில் முறியும். அரிப்பு நடக்கும்போது எலும்புக்குள் புதைந்திருந்த வளர்ச்சிப் புரதங்கள் வெளிவந்து புற்றுக்கு உரமாகின்றன. புற்று எலும்பைக் குலைக்க, எலும்பு புற்றை வளர்க்க, இது சுழன்றுகொண்டே இருக்கிறது.

இந்தச் சுழற்சியை அறுக்கலாம் என்று எண்டோதீலின் வழியைத் தடுக்கும் மருந்துகளைப் பெரிய ஆய்வுகளில் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் இல்லை. ராங்க் லிகண்டைத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி பலன் தந்தது. 2010-ல் அமெரிக்காவில் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. ஆயுளைக் கூட்டுவதாக நிரூபணமாகவில்லை, எலும்பு முறிவையும் தண்டுவட அழுத்தத்தையும் தள்ளிப்போடுகிறது. ஹார்மோன் ஊசிக்கு நோய் கட்டுப்படாமல் போகும் கட்டத்தில்தான் இதைப் பெரும்பாலும் யோசிப்பார்கள். அப்படி ஒரு பேச்சு வந்தால், முதலில் பல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். இந்த மருந்து எடுக்கும்போது பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும். கால்சியம், வைட்டமின் டி அளவையும் பார்க்க வேண்டும்.

இனி பி.எஸ்.ஏ. இறங்கியது பற்றி. ஊசி தொடங்கி ஆறேழு மாதங்களில் அது 0.2-க்குக் கீழே வருவது நல்ல அறிகுறி. காலப்போக்கில் பலருக்கு அது மறுபடி ஏறும், ஏனென்றால் ஏற்பி உருமாறக்கூடியது. ஏ.ஆர்-வி7 என்ற வடிவத்தில் டெஸ்டோஸ்டிரோன் ஒட்டும் பகுதியே இல்லை. ஹார்மோன் இல்லாமலே அது இயங்கும். இந்த வடிவம் உள்ளவர்களுக்கு, ஆண்ட்ரஜன் வழியைத் தடுக்கும் அபிராடெரோன், என்சலூடமைடு ஆகிய மருந்துகள் பெரும்பாலும் வேலை செய்வதில்லை என்று 2014-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஊசி மட்டும் நீண்ட நாள் போதாது என்பதால்தான், பரவிய நோய்க்கு ஊசியோடு இன்னொரு மருந்தை ஆரம்பத்திலேயே சேர்ப்பது இப்போது வழக்கம். அப்பாவுக்கு அப்படி ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். சேர்க்கவில்லை என்றால் ஏன் என்றும் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பின்னாளில் தேவைப்பட்டால், பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் உதவிக்கு வரும். பெரும்பாலான புரோஸ்டேட் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் இது நிறைய இருக்கும். இதில் போய் ஒட்டும் மூலக்கூறோடு கதிரியக்க லுடீசியத்தை இணைத்து ஊசியாகச் செலுத்தும் சிகிச்சைக்கு 2022-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. பெட் ஸ்கேனில் புற்று இருக்கும் இடங்களைக் காட்டுவதும் இதே புரதம்தான்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முதுகுவலி திடீரென்று கூடினாலோ, கால் வலுவிழந்தாலோ மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தண்டுவடம் அழுத்தப்படுவதன் அடையாளம் அது. பி.எஸ்.ஏ. குறைவாகத்தானே இருக்கிறது என்று காத்திருந்தால் நடக்கும் சக்தியே போய்விடலாம்.

நீங்கள் மகள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் பி.ஆர்.சி.ஏ.2 என்ற புரதத்தின் மரபணுவில் பரம்பரைக் கோளாறு இருந்தால், புரோஸ்டேட் புற்று வேகமாகப் பரவும் வாய்ப்பு அதிகம். நோய் பரவிய எல்லோருக்கும் இந்த மரபணுப் பரிசோதனையைப் பரிந்துரைக்கிறார்கள். அப்பாவுக்கு அந்தக் கோளாறு இருப்பது தெரிந்தால், பின்னாளில் ஒலாபாரிப் போன்ற மருந்துக்கு வழி இருக்கிறது. அதே மாற்றம் உங்களுக்கும் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு அது மார்பகம், சினைப்பைப் புற்றின் அபாயத்தைக் கூட்டும். அடுத்த முறை அப்பாவை அழைத்துப் போகும்போது இந்தப் பரிசோதனையைப் பற்றி மறக்காமல் கேளுங்கள்.