கடலைப் பருப்பில் ஒரு தும்பிக்கை

கேள்வி: அப்பா இன்னும் ‘லை’யைத் தும்பிக்கை போட்டுத்தான் எழுதுகிறார். மகனுக்கோ பார்ப்பவரெல்லாம் ‘ப்ரோ’. வயது ஏறினால் மொழி மாறுமா?
– வாசகர், நெய்வேலி

பதில்: இரண்டும் வேறு வேறு கதை.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ணை, லை, ளை, னை நான்கும் எழுத்தின் மேலே சுழித்து நின்ற தும்பிக்கையை இழந்தன. நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியதோ 1956-ல். அங்கே முதலில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் பள்ளியில் பழகியது பழைய வடிவம். அதனால்தான் மளிகைச் சீட்டில் ‘கடலைப் பருப்பு’ எழுதும்போது பெரியவரின் பேனா தானாக மேலே சுழிக்கிறது. இது முதுமையால் வந்ததல்ல, பிறந்த ஆண்டால் வந்தது.

‘ப்ரோ’ அப்படியல்ல; அது வயதோடு மாறும். மகன் சுரங்கத்தில் ஷிப்டுக்குப் போகத் தொடங்கினால் அதே வாய் மேலதிகாரியை ‘சார்’ என்றும், மூத்த தொழிலாளியை ‘அண்ணே’ என்றும் அழைக்கும். (நண்பர்களிடம் மட்டும் ‘ப்ரோ’ ஓய்வுபெறும்வரை நீடிக்கலாம்!)

முதல் வகை வேறுபாட்டை, அதாவது பிறந்த ஆண்டால் வருவதை நம்பித்தான், 1960களில் அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ், மார்த்தாஸ் வின்யார்ட் தீவில் வயதுவாரியாக உச்சரிப்பை ஒப்பிட்டு மொழி நகரும் திசையைக் கண்டார். இளமையில் படிந்த பேச்சு பெரும்பாலும் தங்கிவிடும் என்பதே அந்த முறையின் அடிப்படை.

நெய்வேலியில் இன்னொரு சுவை உண்டு. பல மாவட்டங்களிலிருந்து குடியேறிய பெற்றோரின் வட்டார வழக்கு, ஒரே பிளாக்கில் விளையாடி வளர்ந்த பிள்ளைகளிடம் பாதியாகக் கரைந்துவிடுகிறது. ஊரிலுள்ள சொந்தக்காரப் பையன்களிடம் போன் பேசும்போது மட்டும் தென்மாவட்ட ‘ஏல’ எட்டிப் பார்க்கும்.