மழைக்காலமும் நம் மேனியும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பர் பெரியோர். நம் உடலாகிய சுவருக்கு மேற்பூச்சாக அமைந்திருப்பது தோல். கோடையில் வேர்க்குரு, வெயில் கறுப்பு என்று அதைப் பற்றி ஓயாமல் பேசுகிறோம். மழை தொடங்கியதும் மறந்துவிடுகிறோம். நம் குமரி மாவட்டத்திற்கோ இரண்டு மழைக்காலங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து நாம் மூச்சு விடுமுன் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடுகிறது. ஆண்டில் பாதி நாட்கள் நம் சீருடையின் ஓரம் ஈரமாகவே இருக்கிறது. எனவே இதைப் பற்றி எழுத நமக்கு முழு உரிமை உண்டு!

நம் தோலில் ஏறத்தாழ 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. மழைக்காலத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாகாமல் மேலேயே தங்கிவிடுகிறது. நெடுநேரம் ஈரத்தில் ஊறிய விரல் நுனி சுருங்கி வெளுத்துப் போவதைத் துணி துவைக்கும்போது பார்த்திருப்பீர்கள். அவ்வாறு ஊறிய தோல் வலுவிழக்கிறது. கழுத்து மடிப்பு, அக்குள், இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம், கால்விரல் இடுக்கு ஆகியவை காளான் கிருமிகளுக்கு வாசல் திறந்துவிடுகின்றன. படர்தாமரை என்பது இந்தக் கிருமியின் வேலையே. பெயரில் தாமரை இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். வட்டமாகப் படரும், ஓரம் சிவந்து தடித்திருக்கும், இரவில் தூங்க விடாது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. சென்ற ஆண்டு நவம்பரில் விடுதியில் இருந்தபோது என் இடுப்பில் ஓர் எட்டணா அளவில் வட்டம் தோன்றியது. (எட்டணாவை நான் பார்த்ததில்லை; ஆச்சி சொல்லும் அளவு அது.) யாரிடமும் சொல்லக் கூச்சம். "அழுக்குப் பிள்ளைக்குத்தான் இது வரும்" என்று எவரேனும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். ஒரு தோழி, தன் வீட்டார் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைக் கொடுத்தாள். மூன்றே நாளில் அரிப்பு அடங்கியது. ஆகா, என்ன அருமையான மருந்து என்று மகிழ்ந்தேன். களிம்பை நிறுத்திய ஒரு வாரத்தில் வட்டம் வயிறு வரை பரவியது. மீண்டும் பூசினேன்; மீண்டும் அடங்கியது; மீண்டும் பரவியது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வீட்டிற்குச் சென்றபோதுதான் அம்மா பார்த்துப் பதறிப்போனார்கள்.

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் இருந்த டாக்டர் அம்மா களிம்புக் குழாயை வாங்கிப் பார்த்தார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. ஸ்டீராய்டு சிவப்பையும் அரிப்பையும் அடக்குகிறது. ஆனால் கிருமியை எதிர்க்கும் நம் உடலின் சக்தியையும் அந்த இடத்தில் அடக்கிவிடுகிறது. நோய் குறைந்ததுபோல் தோன்றும். உள்ளே கிருமி செழித்து வளரும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதித்தும், கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

பின்பு டாக்டர் அம்மா கேட்ட கேள்வி எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. "உள்ளே போடும் துணியை எங்கே காயப்போடுகிறாய்?"

நான் தலைகுனிந்தேன். கட்டிலின் கால்மாட்டுக் கம்பியில், போர்வைக்கு அடியில்! வேறெங்கே போடுவது? யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதானே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். விடுதியில் எல்லோரும் அப்படித்தான். வெயிலும் காற்றும் படாமல் பாதி காய்ந்த துணியை மறுநாள் உடுத்துகிறோம். சோப்பில் பிழிந்து துவைத்தாலும் கிருமியின் வித்துகள் துணியில் பிழைத்திருக்கக் கூடும். ஆக, எனக்கு நோய் தந்தது அழுக்கு அன்று, ஈரம். அந்த ஈரத்தைக் காத்து வைத்தது என் வெட்கம்.

விடுமுறை முடிந்ததும் இதை வார்டன் சிஸ்டரிடம் சொன்னேன். சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. சிஸ்டர் கோபிக்கவில்லை. மாடியில் தகரக் கூரையின் கீழ் இரண்டு கயிறு கட்டி, சுற்றிலும் பழைய படுக்கை விரிப்பைத் திரையாகத் தொங்கவிட்டார்கள். காற்று தாராளமாக வருகிறது. அடைமழை நாளில் துணியின் உட்புறத்தைத் திருப்பி இஸ்திரி போட அனுமதியும் தந்தார்கள். அதன்பின் என்னிடம் இரகசியமாக வந்து தங்கள் வட்டத்தைக் காட்டியவர்கள் நான்கு பேர்!

கால்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கும்பப்பூ நடவுக்கு வயலில் இறங்கும் எங்கள் ஆச்சிக்குச் சேற்றுப்புண் பழைய நண்பன். மருதாணியை அரைத்து விரலிடுக்கில் பூசுவார்கள். அதைவிட முக்கியமாக, இரவில் காலைக் கழுவியபின் ஒவ்வொரு விரலிடுக்கையும் பழந்துணியால் ஒற்றி எடுப்பார்கள். நாமோ நனைந்த காலுறையுடன் எட்டுப் பாடவேளையும் உட்கார்ந்திருக்கிறோம். பையில் மாற்றுக் காலுறை ஒன்று வைத்திருங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்தால் இரவுக்குள் ஈரத்தை நன்றாக உறிஞ்சிவிடும்.

முகம் பிசுபிசுக்கிறது என்று நாளுக்கு ஐந்து முறை சோப்புப் போடும் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது அமிலத்தன்மை உடையது. அதுவே ஒரு காவல். சாதாரண சோப்பு காரத்தன்மை உடையது. அடிக்கடி போட்டால் அந்தக் காவல் கலைகிறது. காலையும் மாலையும் போதும். ஈர முகத்தில் பவுடர் அப்பினால் அது மாவாகிவிடும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பேருந்தில் ஒருவரையொருவர் பார்த்தாலே தெரியும். துண்டையும் சீப்பையும் இரவல் கொடுக்காதீர்கள். ஈரத் தலையைப் பின்னிக் கட்டாதீர்கள்.

டாக்டர் அம்மா தந்த மருந்தை, வட்டம் மறைந்த பின்னும் அவர்கள் சொன்ன நாள்வரை பூசினேன். இப்போது அரிப்பு இல்லை. கறுத்த தழும்பு மட்டும் இருக்கிறது. அது மங்கச் சில மாதங்கள் ஆகுமாம். மாடிக் கயிற்றில் இடம் பிடிக்கத்தான் காலையில் சற்று முன்னதாக எழ வேண்டியிருக்கிறது.