'வெரி'யும் 'டூ'வும்



நம் பள்ளியில் பயின்று, ஐந்தாம் படிவமும் முடித்த ஓர் இளைஞர் தொழிற்சாலை ஒன்றில் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். "வீடு தொலைவா?" என ஆங்கிலத்தில் வினவினர். "டூ ஃபார், சார்" என்றார் அவர். மிகத் தொலைவு என்பதே அவர் கருத்து. மோட்டார் சைக்கிளில் நாள்தோறும் வர ஆயத்தமாகவே இருந்தார். கேட்டவரோ, 'வர இயலாத தொலைவு' எனப் பொருள் கொண்டு, "அப்படியானால் உமக்குச் சிரமம்" என்று அனுப்பிவிட்டார்.

இதனை அவர் தந்தையார் நம்மிடம் கூறியபோது நாணமுற்றோம். 'வெரி', 'டூ' இரண்டிற்கும் 'மிகவும்' என்றே கரும்பலகையில் எழுதிக் கொடுத்தவர்கள் நாமே அன்றோ!

தேநீர் 'வெரி ஹாட்' என்றால் சூடு மிகுதி; ஊதி ஊதிப் பருகலாம். 'டூ ஹாட்' என்றாலோ பருக முடியாது. ஆற்றியே தீர வேண்டும். செம்பனைக் குலை 'வெரி ஹெவி' என்றால் அப்பா தூக்கிவிடுவார். 'டூ ஹெவி' என்றால் குலை கிடந்த இடத்திலேயே கிடக்கும். 'டூ ஹெவி டு லிஃப்ட்' என்னும் தொடரில் 'இல்லை' என்று பொருள்படும் சொல் ஒன்றேனும் உண்டா? இல்லை. ஆயினும் 'தூக்க முடியாது' என்பதே அதன் பொருள். அந்த 'முடியாது' என்பது 'டூ'வுக்குள் ஒளிந்திருக்கிறது.

தேசிய மொழியில் 'சங்காட்', 'தெர்லாலு' என இரண்டு சொற்களை நீங்கள் அறிவீர்கள். 'லாலு' என்பது கடத்தலைக் குறிக்கும்; எல்லை கடந்தது 'தெர்லாலு'. தமிழிலும் மிகுதி வேறு, மிகை வேறு. மும்மொழி பயிலும் நம் பிள்ளைகளுக்கு இஃது எளிதாக விளங்க வேண்டியதே.

'வெரி' என்பது 'உண்மையான' என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. "மெய்யாகவே நல்லவர்" என்று நாம் அழுத்திச் சொல்வதில்லையா? அது போன்றதே.

ஆகவே, கட்டுரையில் "ஐ ஆம் டூ ஹேப்பி" என்று எழுதாதீர்கள். அங்கே 'வெரி'தான் வரும். 'ஒன்லி டூ கிளாட்' என மகிழ்ச்சி மிகுதியைச் சொல்லும் மரபும் உண்டு. அதனை மேல் வகுப்பில் கற்கலாம். "மீ டூ" என்பதில் வருவது நம் 'உம்' போன்றது. அதில் எவரும் தவறுவதில்லை.

பெற்றோர்களே, உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் கவலை வேண்டா. பிள்ளை 'டூ' என்று சொன்னால், "அதனால் என்ன முடியாமற் போயிற்று?" என்று கேளுங்கள். விடை வராவிட்டால், 'வெரி' என்று திருத்தச் சொல்லுங்கள்.