சிறுவர் மன்றத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன்

பாட்டு, பரதம் என்றதும் மாதக் கட்டணத்தை நினைத்துப் பின்வாங்கும் பெற்றோர் பலர். தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை மாவட்டங்களில் ஜவகர் சிறுவர் மன்றங்களை நடத்துகிறது. 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகள் சிறு தொகையைச் சந்தாவாகக் கட்டி அங்கே கலை பயிலலாம். என் மகள் அப்படிப் படித்தவள்தான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1. இடத்தை விசாரியுங்கள்

மன்றத்துக்கு எல்லா ஊரிலும் தனிக் கட்டடம் இருக்காது. அரசுப் பள்ளியிலோ இசைப்பள்ளி வளாகத்திலோ வகுப்பு நடக்கலாம். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் கேட்டால் வழி சொல்வார்கள். எந்தக் கலைக்கு ஆசிரியர் இருக்கிறார், எந்தக் கிழமை, எத்தனை மணி என்பதை நேரில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இவை ஊருக்கு ஊர் மாறும்.

2. ஒரு வகுப்பு முழுக்க உட்கார்ந்து பாருங்கள்

இதுதான் முக்கியம். பணம் கட்டுவதற்கு முன்பே, ஆசிரியரிடம் அனுமதி கேட்டுப் பிள்ளையோடு பின்வரிசையில் உட்காருங்கள். முதல் வரிசையில் அழகாக ஆடும் பிள்ளையை விட்டுவிட்டுக் கடைசி வரிசையைக் கவனியுங்கள். நான் பார்த்த அன்று, ஒரு சிறுமிக்கு அரைமண்டியில் (பாதி அமர்ந்த நிலையில்) முழங்கால் முன்னால் வந்துகொண்டே இருந்தது. ஆசிரியை தட்டுக்கழியைக் கீழே வைத்தார். எழுந்து போய், அவள் முழங்காலை இரு கையாலும் பக்கவாட்டில் மெதுவாகத் திருப்பிவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்து, 'தெய்யா தெய்' என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அப்போதே முடிவு செய்துவிட்டேன், மகளை இவரிடம்தான் விட வேண்டும் என்று.

3. கலையைப் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும்

பரதத்தில் சேர்க்கத்தான் மகளை அழைத்துப் போனேன். அவளோ ஓவிய வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு மாதம் இரண்டிலும் உட்காரட்டும் என்றார் ஆசிரியை. கடைசியில் பரதம்தான் நிலைத்தது. ஆனால் அது அவளே எடுத்த முடிவு என்பதால், மழை நாளிலும் அவளை எழுப்ப வேண்டியிருக்கவில்லை.

4. தேவையானதை மட்டும் வாங்குங்கள்

சேரும்போது வயதுச் சான்றின் நகலும் போட்டோவும் கையில் இருக்கட்டும். தொடக்கத்திலேயே சலங்கையும் பட்டு உடையும் வேண்டாம். ஆட்டத்துக்குப் பருத்திச் சுடிதாரும் இடுப்பில் கட்டத் துப்பட்டாவும் போதும். ஓவியத்துக்கு ஒரு டிராயிங் நோட்டும் பென்சிலும் போதும். மற்றதை ஆசிரியர் சொல்லும்போது வாங்கலாம்.

5. அடிப்படைப் பாடத்துக்குப் பொறுமை காட்டுங்கள்

மூன்று மாதமாகியும் ஒரு பாட்டுக்கும் ஆடவில்லையே என்று கேட்காதீர்கள். பரதத்தின் முதல் பாடமான தட்டடவை மூன்று காலத்திலும் (வேகத்திலும்) ஆடப் பழகிய கால்தான் பிறகு தாளம் தப்பாது. பாட்டில் தொடக்கப் பாடமான சரளி வரிசையும் அப்படித்தான். வீட்டில் தினமும் பதினைந்து நிமிடம் பயிற்சி இருக்கட்டும். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போடுங்கள். திருத்துவதை ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.

6. போட்டிக்கு அனுப்புங்கள், விரட்டாதீர்கள்

குரலிசை, பரதம், கிராமிய நடனம், ஓவியம் ஆகியவற்றில் மன்றத்தின் சார்பில் போட்டிகள் நடக்கும். ஆசிரியர் தயார் என்று சொன்ன பிறகு பெயர் கொடுங்கள். மேடையிலிருந்து இறங்கியதும், "பரிசு கிடைக்குமா?" என்று கேட்பதற்கு முன் தண்ணீர் கொடுங்கள்.

7. அடுத்த படியைத் தெரிந்து வைத்திருங்கள்

ஆர்வம் வேரூன்றிவிட்டால் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. 12 முதல் 25 வயது வரை சேரலாம், மூன்றாண்டுப் படிப்பு. குரலிசை, பரதநாட்டியம், நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம் சொல்லித்தருகிறார்கள். வசதியில்லாத வீட்டுப் பிள்ளையும் கலையையே தொழிலாகக் கொள்ள இது நல்ல வழி.

வருகிற வகுப்பு நாளில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்வரிசையில் உட்காருங்கள். பிள்ளையின் கால் தானாகத் தாளம் போடத் தொடங்கினால், சந்தா கட்டிவிட்டு வீடு திரும்பலாம்.